எந்தக் கதவைத் தட்டுவாள்? – குடும்ப வன்முறைச் சட்டமும் சேரிப் பெண்களும்

1

மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தப்பு செய்தால் கயிற்றாலோ மூங்கில் பிளாச்சாலோ அடிக்கத் தக்கவர்கள் யார் யார் என்கிற பட்டியல். மனைவி, மகன், அடிமை, மாணவன், கூடப்பிறந்த தம்பி என்று வரிசையாகப் போகிறது. உடம்பின் பின்பக்கம்தான் அடிக்க வேண்டும், மேலான உறுப்புகளில் படக்கூடாது என்று அடிக்கிற முறையும் விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

தலித்துகளாகிய நாம் அந்த வரிசையில் 'அடிமை' என்ற சொல்லைப் படித்துக் கொதித்தோம். கொதித்தது நியாயம். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுதர்மம் எரிக்கப்பட்டது. ஆனால் அந்த அடிமைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறவர்களை நாம் சரியாகப் பார்க்கவில்லை. மனைவியும் பிள்ளையும் அங்கேதான் நிற்கிறார்கள். ஆண்டை பண்ணையாளை அடிப்பதற்கும் புருஷன் பெண்டாட்டியை அடிப்பதற்கும் ஒரே இடத்திலிருந்துதான் அனுமதி கிடைத்திருக்கிறது. முதலாவதைக் கொடுமை என்று சொல்லக் கற்றுக்கொண்ட நாம், இரண்டாவதைக் 'குடும்ப விஷயம்' என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடிபடுகிற பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சட்டம் எப்படி, எவ்வளவு தாமதமாக, யாரை மனதில் வைத்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சில ஆண்டுகளாக எங்கள் பகுதிப் பெண்களோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிறவள் என்ற முறையில் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். அடிபட்ட அன்று ராத்திரி அவள் எந்தக் கதவைத் தட்டுவாள், அந்தக் கதவு திறக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

2

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் வீட்டுக்குள் வரவே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. வந்தது, புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தது. பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண், சிறுவயதில் தனக்குக் கட்டிவைத்த கணவனோடு வாழ மாட்டேன் என்றார். 1887இல் நீதிமன்றம், கணவன் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறைக்குப் போ என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு சமரசமாகி அவர் மருத்துவம் படித்தது தனிக் கதை. 'சேர்ந்து வாழும் உரிமை' என்று அன்று பேசப்பட்ட அந்தச் சங்கதி, இந்து திருமணச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவாக இன்றும் உயிரோடு இருக்கிறது.

சேரியின் கதை வேறு. நம் மக்களிடையே 'அறுத்துக்கட்டுவது' என்ற வழக்கம் இருந்தது. ஒத்துவரவில்லை என்றால் பஞ்சாயத்தில் பேசி, தாலியை அறுத்துக் கொடுத்துவிட்டு, வேறு ஒருவனைக் கட்டிக்கொள்ளலாம். விதவையும் கட்டிக்கொள்ளலாம். இதற்காகவே ஊர்க்காரர்கள் நம்மை 'அறுத்துக்கட்டுற சாதி' என்று எளக்காரமாகப் பேசினார்கள். பார்ப்பனியம் எதைக் கேவலம் என்று சொன்னதோ அதுதான் சேரிப் பெண்ணுக்கு இருந்த ஒரே வாசல். நம்மில் கொஞ்சம் படித்து வசதி வந்தவர்கள் முதலில் அடைத்த வாசலும் அதுதான். 'எங்க வீட்டுப் பொம்பளைங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க' என்பது கௌரவமாகிப்போனது.

அதற்காகப் பழைய பஞ்சாயத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். அபராதத்தையும் அவர்களேதான் முடிவு செய்தார்கள். 'ரெண்டு அடி அடிச்சா என்னா, சோறு போடுறானா இல்லையா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய பஞ்சாயத்துகள்தான் அதிகம். அவளுக்கு வெளியேற வழி இருந்தது. ஆனால் அடிபடாமல் தன் வீட்டிலேயே இருக்கிற உரிமை எந்தப் பஞ்சாயத்திலும் கிடைக்கவில்லை. அடித்தவன் வீட்டில் இருந்தான். அடிபட்டவள்தான் மூட்டையைத் தூக்கினாள்.

இந்த வாசலை எல்லாப் பெண்களுக்கும் சட்டமாக்க வேண்டும் என்ற குரல் நம் பக்கத்திலிருந்து தெளிவாக எழுந்திருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு மணவிலக்கு உரிமையும் சொத்தில் சம பங்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு, அம்பேத்கர் முன்னிலையில் மணவிலக்கு உரிமையைக் கேட்டது, பலதார மணத்தைத் தடைசெய்யச் சொன்னது. அந்த மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம், கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக நில், அடிமையாக இருக்க மறுத்துவிடு என்ற பொருளில் பேசினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்ற விடாமல் இழுத்தடித்ததை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லித்தான் 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். பெண்களுக்கான சட்டத்துக்காகப் பதவியைத் துறந்தவர் நம் தலைவர் என்பதை மேடையில் பெருமையாகச் சொல்கிற தோழர்கள், வீட்டுக்குப் போன பிறகும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அந்த மசோதா துண்டு துண்டாக்கப்பட்டு 1955இலும் 1956இலும் நான்கு சட்டங்களாக வந்தது. 1955இன் திருமணச் சட்டத்தில், கணவன் கொடுமை செய்தால் பெண் தனித்து வாழ அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். கொடுமையையே காரணமாகக் காட்டி நேராக மணவிலக்குக் கேட்கும் உரிமை 1976இல்தான் வந்தது. ஒன்று நல்லது நடந்தது. 29ஆம் பிரிவு, வழக்கத்தில் இருக்கிற மணவிலக்கைச் செல்லும் என்று விட்டுவைத்தது. 'அறுத்துக்கட்டுவது' சட்டப்புத்தகத்தில் ஒரு வரியாக உட்கார்ந்தது.

ஜீவனாம்சத்தின் கதையையும் சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில், மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு இருந்தது. 2001இல்தான் அதை எடுத்தார்கள். ஒரு பெண்ணும் பிள்ளைகளும் தனியாக வாழ என்ன ஆகும் என்று அரசாங்கம் போட்ட கணக்கு அது.

3

வீட்டுக்குள் நடக்கிற கொடுமைக்கென்று தனியாக ஒரு குற்றப்பிரிவு 1983இல்தான் வந்தது. அந்த ஆண்டு குற்றவியல் சட்டத்தில் இரண்டு பெரிய திருத்தங்கள் நடந்தன. முதலாவது திருத்தத்துக்குப் பின்னால் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி இருக்கிறாள். 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் அவளைச் சீரழித்த போலீஸ்காரர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டாவது திருத்தத்துக்குப் பின்னால், டெல்லி போன்ற நகரங்களில் 'ஸ்டவ் வெடித்து'ச் செத்த மருமகள்கள் இருக்கிறார்கள். அதில்தான் 498ஏ பிரிவு பிறந்தது. 1986இல் வரதட்சணைச் சாவுக்கான 304பி வந்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத் தொகுப்பில் 85, 86, 80 என்று எண்கள் மாறியிருக்கின்றன. உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான்.

498ஏ சட்டமாக எழுதப்பட்டபோது, வரதட்சணைக் கொடுமை அதன் ஒரு பகுதி மட்டும்தான். தற்கொலைக்குத் தூண்டுகிற அளவுக்கோ, உயிருக்கும் உடம்புக்கும் மனசுக்கும் பெரிய கேடு வருகிற அளவுக்கோ நடந்துகொள்வதும் அதில் குற்றம்தான். ஆனால் நிலையத்தில் கேட்கிற முதல் கேள்வி, 'வரதட்சணை கேட்டானாம்மா?' என்பது. 'இல்லைங்க, குடிச்சிட்டு வந்து அடிக்கிறான், கூலிய புடுங்கிக்கிறான், சந்தேகப்படுறான்' என்று சொன்னால் பேனா கீழே போய்விடும். நம் மக்களிடம் பெண்ணுக்குப் பரிசம் போட்டுக் கட்டுகிற பழக்கம் இருந்தது. வரதட்சணை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நடவுக்கும் களைக்கும் போய்ச் சம்பாதிக்கிற பெண்ணின் உடம்பையும் கூலியையும் கட்டுப்படுத்துவதற்காகத்தான் சேரியில் அடி விழுகிறது. அந்த அடிக்குச் சட்டத்தில் இடம் இருந்தும் போலீஸ்காரர் மனதில் இடம் இல்லை. இதனால் வரதட்சணையே கேட்காத வழக்கில்கூட 'அதையும் சேர்த்து எழுதிக் குடு' என்று எழுதிக் கொடுப்பவர்களே சொல்லித் தருகிறார்கள். பிறகு நீதிமன்றத்தில் அது பொய்யாகி, முழு வழக்கும் பொய்யாகிப்போகிறது.

4

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. பெண் வந்து பெண்ணிடம் சொல்லலாம் என்பது நல்ல யோசனைதான். மறுக்கவில்லை.

அதே 1992இல், ஜூன் 20 அன்று, தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் என்ன நடந்தது? சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஒரு மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்து அதைச் சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடு இருந்த 215 பேரையும் 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு ஆண்டுகள். அதே 1992இல்தான் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் கணவன் அடைபட்டுச் செத்தான், அவனைத் தேடிப்போன மனைவியைப் போலீஸ்காரர்கள் சீரழித்தார்கள்.

இந்தச் சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 'பெண்ணே, நிலையத்துக்கு வா' என்று அரசு கூப்பிடுகிறது. இன்னொரு பக்கம் நிலையம் என்றால் என்ன என்று ஒடுக்கப்பட்ட பெண்ணுக்கு அதே அரசு காட்டுகிறது. புருஷன் அடித்தான் என்பதற்காகச் சேரிக்குள் போலீசைக் கூப்பிட்டால், வருகிற ஜீப்பு அவனை மட்டும் பிடித்துக்கொண்டு போகுமா? தெருவில் இருக்கிற நாலு பையன்களையும் சேர்த்து அள்ளும். 'உன்னாலதான் எம்புள்ள உள்ள போனான்' என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். பெண்கள் நிலையத்துக்குப் போகாமல் இருப்பதற்குப் பெயர் அறியாமை இல்லை. அது அனுபவம்.

மகளிர் நிலையத்திலும் பெரும்பாலும் பஞ்சாயத்துதான் நடக்கிறது. இரண்டு பேரையும் கூப்பிட்டு, 'இனிமே அடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். நாங்கள் போன ஒரு நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி, 'உங்க ஆளுங்கள்ல இதெல்லாம் சகஜம்தானே?' என்று கேட்டார். ஊருக்குள்ளும் அடி விழுகிறது. அங்கே காம்பவுண்டுச் சுவர் இருப்பதால் சத்தம் வெளியே வருவதில்லை. 2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கிற மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நாடு முழுவதற்கும் 29.3 சதவீதம். இத்தனை வீடும் சேரியில் இல்லை. அதே ஆய்வு, அடிபட்டவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டார்கள் என்று நாடு முழுவதற்குமாகச் சொல்கிறது.

5

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் 2002இல் அரசு கொண்டுவந்த மசோதாவில், 'வழக்கமாக' அடித்தால்தான் வன்முறை என்று எழுதியிருந்தார்கள். தன்னையோ தன் சொத்தையோ காப்பாற்றிக்கொள்ள அடித்தால் குற்றமில்லை என்றும் சேர்த்திருந்தார்கள். பெண்கள் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்துத் தடுத்ததால்தான் இந்தச் சட்டம் கிடைத்தது.

இதன் முக்கியத்துவம் என்ன? முதல் தடவையாகச் சட்டம், 'அவனை ஜெயில்ல போடணுமா?' என்று மட்டும் கேட்காமல், 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று கேட்டது. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை, பாலியல் கொடுமை, வாயால் பேசி மனசை வதைப்பது, கூலியைப் பிடுங்குவது, செலவுக்குக் கொடுக்காமல் விடுவது எல்லாம் வன்முறை என்று மூன்றாம் பிரிவு சொன்னது. இனி அடிக்காதே என்று உத்தரவு வாங்கலாம். வீட்டை விட்டு அவளைத் துரத்தாதே என்று வாங்கலாம். தேவையானால் அவனையே வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லலாம். செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, நஷ்டஈடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று காலமும் குறித்தது. உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவளும், தாயும், சகோதரியும்கூட இதில் மனு போடலாம். பஞ்சாயத்தில் கிடைக்காதது, அதாவது அடிபடாமல் தன் வீட்டிலேயே இருக்கும் உரிமை, 17ஆம் பிரிவாக வந்தது.

வந்த கையோடு அதில் பாதியைப் பறித்தார்கள். 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாமியார் பெயரில் வீடு இருந்தால் மருமகளுக்கு அதில் இருக்க உரிமை இல்லை என்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில்தான் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று திருத்தியது. இடையில் எத்தனை பெண்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. 2010இல் கோவையைச் சேர்ந்த ஒரு வழக்கில், தாலி கட்டாமல் வாழ்ந்த உறவில் எது திருமணம் போன்றது என்று நிபந்தனை போட்ட தீர்ப்பு, அந்த நிபந்தனைக்குள் வராத பெண்ணை 'வைப்பு' என்று பொருள்படும் சொல்லால் குறித்தது. அந்தச் சொல்லை நீதிமன்றத்திலேயே எதிர்த்தவர் அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங்.

இந்தத் தீர்ப்புகள் எல்லாம் 'வீடு' என்று எதை நினைத்துப் பேசுகின்றன? கூடம், அறை, பத்திரம் இருக்கிற வீட்டை. சேரியில் ஒரே அறை. புறம்போக்கில் போட்ட குடிசை, அல்லது தொகுப்பு வீடு. அந்த ஒரே அறைக்குள் 'நீ இந்தப் பக்கம் இரு, அவன் அந்தப் பக்கம் இருக்கட்டும்' என்று நீதிமன்றம் எப்படி உத்தரவு போடும்? அவனை வெளியே போகச் சொன்னால், சுற்றி இருக்கிறது அவன் அண்ணன், தம்பி, பெரியப்பன் வீடு. ராத்திரி அவள் எந்தத் தைரியத்தில் அங்கே படுப்பாள்? சட்டம் தருகிற வீடு அவளுக்கு உண்மையில் வீடாக வேண்டுமானால், அந்த உத்தரவோடு ஒரு ஆள் வர வேண்டும். அந்த ஆளுக்குத்தான் சட்டம் 'பாதுகாப்பு அலுவலர்' என்று பெயர் வைத்தது. அவரோ பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். மாவட்டத்திலும் தாலுகாவிலும் இந்த அலுவலர்களை உடனே நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து!

6

சரி, வீட்டில் இருக்க முடியாது. வெளியே வந்துவிட்டாள். எங்கே போவாள்?

அடைக்கல இல்லங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் சாதியும் உண்டு. 1863இல் புனேயில் ஜோதிபா பூலேயும் சாவித்திரிபாயும் தங்கள் வீட்டிலேயே, கர்ப்பமான விதவைகள் வந்து பயமில்லாமல் பிள்ளை பெற்றுக்கொள்ள இடம் கொடுத்தார்கள். சூத்திரர் வீட்டுக் கதவு பார்ப்பன விதவைகளுக்காகத் திறந்தது. அப்படி வந்த ஒரு பெண்ணின் மகனையே தத்தெடுத்து வளர்த்தார்கள். சென்னையில் 1912 முதல் சகோதரி சுப்புலட்சுமி விதவைகளின் படிப்புக்காகச் செய்த வேலை பெரியது. ஆனால் அந்த விடுதி பார்ப்பன விதவைகளுக்கானது. தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவர்களைத் தன் வீட்டில் வைத்துத் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். யாரோடு யார் ஒரே பந்தியில் உட்காருவது என்ற கேள்வி இல்லாமல் இந்த நாட்டில் அடைக்கலம்கூடக் கிடைத்ததில்லை.

இன்று அரசு இல்லங்கள் இருக்கின்றன. 2015 முதல் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 181 என்ற உதவி எண் 2018 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்லதுதான், பயன்படுத்த வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த மையத்தில் ஒரு பெண் அதிகபட்சம் ஐந்து நாள் தங்கலாம் என்பது விதி. நீதிமன்றத்துக்குச் சட்டம் குறித்த காலம் அறுபது நாள். நடைமுறையில் ஆண்டுக்கணக்கு. ஆறாம் நாள் அவள் எங்கே நிற்பாள்? 2015இல் திட்டம் தொடங்கியபோது தாயோடு எட்டு வயதுவரை உள்ள ஆண் பிள்ளைகள்தான் தங்கலாம் என்று எழுதியிருந்தது. பத்து வயது மகனை அடிக்கிற அப்பனிடமே விட்டுவிட்டு எந்தத் தாய் வருவாள்? 'புள்ளைக்காகத்தான் போறேன்' என்று திரும்பிப் போகிற பெண்கள் பொய் சொல்வதில்லை.

7

பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 2009இன் கட்டாயக் கல்விச் சட்டம், பள்ளியில் வாத்தியார் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வீட்டில்? பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகக் காப்பாளர் நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமில்லை என்று 1860இல் எழுதிய பிரிவு, எண் மட்டும் மாறி இன்றும் இருக்கிறது. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், பொறுப்பில் இருக்கிற பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் சிறை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை நிற்கிறது.

'நல்லெண்ணம்' யாருடையது என்று முடிவு செய்கிறவனும் அப்பன்தான். 1956இன் சட்டம் இயற்கைக் காப்பாளர் அப்பன், அவனுக்குப் பிறகே தாய் என்றது. 'பிறகு' என்றால் அவன் செத்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, அவன் பொறுப்பெடுக்காதபோதும்தான் என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்ல 1999 ஆயிற்று. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் தாய் பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உடனடி உத்தரவு வாங்கலாம். பிள்ளைக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கேட்கலாம். அம்மா அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு பாயில் கண்ணை மூடிப் படுத்திருக்கிற பிள்ளையும் அடிபட்ட பிள்ளைதான்.

நடைமுறையில் பிள்ளைகளின் படிப்பு முதலில் அறுந்துபோகிறது. தாய் வீட்டைவிட்டு வரும்போது குடும்ப அட்டையும் ஆதாரும் சாதிச் சான்றிதழும் புருஷன் வீட்டுப் பெட்டியில் மாட்டிக்கொள்கின்றன. உதவித்தொகைக்கும் விடுதிக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். நான் பெண்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: காகிதங்களை நகலெடுத்து நம்பகமான ஒருத்தியிடம் கொடுத்து வையுங்கள். காயத்தை அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதைச் சீட்டில் எழுத வையுங்கள். 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 இருக்கிறது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தாழ்த்தப்பட்டவருக்கும் வருமானக் கணக்குக் கேட்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987இன் சட்டப் பணிகள் சட்டம். யார் தயவும் இல்லை, உரிமை.

8

சாதி மாறிக் கட்டிக்கொண்ட நம் பெண்களின் நிலை இன்னொன்று. ஊர்ச் சாதி வீட்டில் மருமகளாகப் போன தலித் பெண்ணை மாமியாரும் புருஷனும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள், தனித் தட்டு வைக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால் அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் சொன்னால் அந்தப் பிரிவு வராது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டமோ பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று ஏசுவதைக் குறிப்பாகச் சொல்கிறது. சாதி சொல்லி ஏசுவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'இழிவுபடுத்துதல்' என்ற பொதுச் சொல்லுக்குள் அதை அடக்கித்தான் நாம் வாதாட வேண்டியிருக்கிறது. சாதிச் சட்டம் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. வீட்டுச் சட்டத்துக்குச் சாதி தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவள் நம் பெண்.

9

கடைசியாக, நம் இயக்கங்களைப் பற்றிப் பேச வேண்டும்.

'நம்ம அசிங்கத்த நாமளே வெளிய சொன்னா ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா?' என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சேரி ஆம்பளை என்றாலே குடிகாரன், முரடன் என்று எழுதுகிற பத்திரிகைகள் இருக்கின்றன. ஆனால் இந்தப் பேச்சை முதலில் எடுத்தவர்கள் நம் பெண் எழுத்தாளர்கள்தான். சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இலும் 'சங்கதி' 1994இலும் வந்தன. சேரிக்குள் பெண் படுகிற பாட்டை அவர்கள் எழுதியபோது, காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்ற முணுமுணுப்பு நம் பக்கத்திலிருந்தே வந்தது. தலித் பெண்களுக்கென்று தேசியக் கூட்டமைப்பு 1995இல் உருவானது தற்செயல் அல்ல. பெண்கள் இயக்கத்தில் சாதியைப் பேச இடமில்லை, தலித் இயக்கத்தில் வீட்டைப் பேச இடமில்லை என்பதால் உருவானது.

'குடிதான் காரணம்' என்பது அடுத்த பதில். 2003இல் அரசே மதுக்கடை நடத்தத் தொடங்கிய பிறகு சாராயக் காசு எங்கே போகிறது, யார் வீட்டில் அடுப்பு அணைகிறது என்பதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முழுபோதையில் வருகிறவன், ஊர்த்தெருவைத் தாண்டும்போது வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் வருகிறான். கூலியைக் குறைத்த ஆண்டையை அவன் அடிப்பதில்லை. சேரிக்குள் நுழைந்து, தன் வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் கை ஓங்குகிறது. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்பது எந்தப் போதையிலும் அவனுக்கு மறப்பதில்லை.

ஆகவே நம் அமைப்புகள் செய்ய வேண்டியவை என்று சிலவற்றைச் சொல்கிறேன். பெண்டாட்டியை அடிக்கிறவன் எந்தக் கிளையிலும் பொறுப்பில் இருக்கக் கூடாது. புகார் வந்தால் கட்சி அலுவலகத்தில் வைத்துச் சமரசம் பேசக் கூடாது. அவள் மனு போட விரும்பினால் கூடப் போக வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் நம் வக்கீல்களும் மாணவர்களும் அந்தப் பன்னிரண்டாம் பிரிவு மனுவை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு அலுவலர் ஒன்றியத்துக்கு ஒருவர் வேண்டும், தாய் கூட்டிவரும் எந்த வயதுப் பிள்ளையும் தங்கும்படி இல்லங்கள் மாற வேண்டும் என்று போராட வேண்டும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அந்தப் போராட்டம் முடியவில்லை. மீட்கிற நிலத்துக்கும், வாங்குகிற மனைக்கும் பட்டா யார் பெயரில் என்று இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்திலேயே வீட்டைப் பெண் பெயரில், அல்லது இருவர் பெயரிலும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பட்டா அவள் பெயரில் இருந்தால், 'என் வீட்டைவிட்டு வெளிய போடி' என்ற சொல் அவன் வாயில் அவ்வளவு சுலபமாக வராது.

அதுவரைக்கும், ஒவ்வொரு சேரியிலும் ஒரு வீடாவது வேண்டும். ராத்திரி எந்நேரம் தட்டினாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல், அவளையும் பிள்ளைகளையும் உள்ளே விட்டுத் தாழ்போடுகிற வீடு. அது நம் சங்கத்துக்காரர் வீடாகவே இருக்கட்டும்.